திருவொற்றியூரின் இலக்கண மண்டபம்

துறைமுகத்துக்குச் செல்லும் கண்டெய்னர் லாரிகளாலும் தொழிற்சாலைகளாலும் இன்று அறியப்படும் திருவொற்றியூர், சோழர் காலத்தில் இலக்கணக் கல்விக்குப் பெயர்பெற்ற ஊராக விளங்கியது. அங்குள்ள தியாகராஜ சுவாமி கோயிலில், இலக்கணத்தை விரித்துரைத்துக் கற்பிப்பதற்கென்றே ‘வியாகரண தான வியாக்கியான மண்டபம்’ இருந்ததை மூன்றாம் குலோத்துங்கன் (1178–1218) காலக் கல்வெட்டால் அறிகிறோம். சிவபெருமான் வடமொழி இலக்கண ஆசிரியரான பாணினிக்கு 14 சூத்திரங்களை அருளிய இடம் இதுவே என்றும் நம்பப்பட்டது. பாணினி வடமேற்கு இந்தியாவைச் சேர்ந்தவர் என்பது வரலாறு. எனினும், எழுத்துகளை வகைப்படுத்தும் அறிவையே இறையருளாகப் போற்றிய ஓர் ஊரின் மனத்தைக் காட்டுவதால், இந்நம்பிக்கை தள்ளத்தக்கதன்று.

அச்சூத்திரங்கள் வடமொழி ஒலிகளை வரிசைப்படுத்துகின்றன. செவிக்கு எட்டுவன அகரம், இகரம் முதலிய தனி ஒலிகளே. ‘உயிர்’ என்னும் பொதுமையை எந்தச் செவியும் கேட்டதில்லை. வரிசையிலுள்ள ஓர் எழுத்தைப் பின்னுள்ள குறியெழுத்தோடு கூட்டி அமைக்கும் ‘பிரத்தியாகாரம்’ என்னும் சுருக்கப் பெயரால், உயிர்கள் யாவும் ‘அச்’ எனவும் மெய்கள் யாவும் ‘ஹல்’ எனவும் அடங்கின. ‘இதி’, ‘அபி’ என்பன சேர்ந்து ‘இத்யபி’ ஆவதுபோல, வேற்றுயிர் வரும்போது இகரம் யகரமாகவும் உகரம் வகரமாகவும் திரியும் எண்ணற்ற இடங்களை ஒரே விதி ஆளத் தொடங்கியது இவ்வகுப்பினால்தான்.

பாணினியின் இலக்கணத்துக்குப் பேருரையான பதஞ்சலியின் மகாபாடியம், ‘பசு’ என்னும் சொல் கண்முன் நிற்கும் ஒரு பசுவைக் குறிக்கிறதா, எல்லாப் பசுக்களுக்கும் பொதுவான வடிவைக் குறிக்கிறதா என்று வினவுகிறது. முந்தைய இலக்கண ஆசிரியருள், தனிப்பொருளே என்றார் வியாடி. பொதுவடிவே என்றார் வாஜப்பியாயனர். பாணினி இரண்டையும் ஏற்றார் என்பது பதஞ்சலியின் முடிவு.

இத்தகைய நுண்கல்வியைச் சோழ அரசு மானியங்களால் தாங்கியது. முதலாம் இராசேந்திரன் காலத்து எண்ணாயிரம் என்னும் ஊரின் கல்லூரியில் பயின்ற 340 மாணவருள் 40 பேர் ‘ரூபாவதாரம்’ என்னும் தொடக்க இலக்கண நூலையும், 25 பேர் உயர்நிலை வியாகரணத்தையும் பயின்றனர். ஆனால் அக்கல்லூரியின் வாயில் குறுகியது. வேதக் கல்விக்கு உரியவராகக் கருதப்பட்ட அந்தணர்க்கே அது திறந்தது, அவர்கள் உண்ட நெல்லை விளைவித்தோர்க்குத் திறக்கவில்லை என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

வடமொழிக் கல்வி இவ்வாறிருக்க, காட்சி கருத்தாகும் வழியைத் தமிழிலேயே ஆராயும் நூலொன்று 13ஆம் நூற்றாண்டில் தோன்றியது. அருள்நந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார், அளவையியலில், பெயரும் இனமும் தோன்றாது பொருளின் இருப்பை மட்டும் உணர்வதை நிருவிகற்பக் காட்சி என்றும், பெயர், சாதி, குணம், கன்மம், பொருள் என்னும் ஐந்தோடும் கூட்டி அறிவதைச் சவிகற்பக் காட்சி என்றும் பிரிக்கிறது.