மளிகைக் கடை காலண்டரின் கதை

டிசம்பர் கடைசி வாரம் வந்துவிட்டால் தமிழ்நாட்டு மளிகைக் கடைகளில் ஒரு கேள்வி கட்டாயம் காதில் விழும். "அண்ணாச்சி, காலண்டர் வந்திருச்சா?"

சாமான் வாங்கி, மீதிச் சில்லறையும் வாங்கி, பையைக் கையில் தூக்கிய பிறகுதான் இந்தக் கேள்வி வரும். அண்ணாச்சி ஆளை ஒரு பார்வை பார்ப்பார். மாதா மாதம் பற்று வைத்து வாங்கும் வீடு என்றால் கல்லாவுக்குக் கீழேயிருந்து ஒன்று வெளியே வரும். எப்போதாவது தீப்பெட்டி வாங்க வரும் ஆள் என்றால் "நாளைக்கு வாங்க, இன்னும் பார்சல் வரல" என்பார். பார்சல் பின்னால்தான் இருக்கும் :-)

கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் இது விசித்திரமான சமாச்சாரம். டிவியில் விளம்பரம் வந்தால் சேனலை மாற்றுகிறோம். தெருமுனையில் நோட்டீஸ் கொடுத்தால் அடுத்த குப்பைத்தொட்டியில் போடுகிறோம். ஆனால் ஒரு கடையின் பெயரும் விலாசமும் போன் நம்பரும் அச்சடித்த காலண்டரை மட்டும் கேட்டு வாங்கி, கொடுக்காவிட்டால் கோபித்துக்கொண்டு, வீட்டுக்குக் கொண்டுபோய், சொந்தச் செலவில் ஆணி அடித்து, ஒரு வருடம் தொங்கவிடுகிறோம். விளம்பரத்தைத் தரவில்லை என்று வாடிக்கையாளர் சண்டை போடும் விளம்பரம் வேறு என்ன இருக்கிறது?

மார்க்கெட்டிங் பாடத்தில் நினைவூட்டும் விளம்பரம் என்று ஒரு வகை வரும். புதிதாக எதையும் சொல்லாது. "நான் இங்கேதான் இருக்கிறேன், மறந்துவிடாதே" என்பது மட்டும்தான் அதன் வேலை. பெரிய கம்பெனிகள் இதற்குக் கோடிக்கணக்கில் செலவு செய்கின்றன. சின்னக் கடையின் கணக்கு வேறு. ஒரு காலண்டர் 40 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள். 200 காலண்டருக்கு 8000 ரூபாய். 365 நாளுக்கு வகுத்தால் ஒரு வீட்டுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 11 காசு. அந்த 11 காசுக்கு வீட்டில் உள்ள அத்தனை பேரும், சில சமயம் விருந்தாளிகளும், கடைப் பெயரைப் பார்க்கிறார்கள். அதுவும் எங்கே? சமையலறைக்குப் பக்கத்தில், என்ன சாமான் தீர்ந்துபோயிற்று என்று யோசிக்கிற அதே இடத்தில்!

இவ்வளவு மலிவாக இது சாத்தியமானது எப்படி என்று பார்த்தால் கதை நூறு வருடத்துக்கும் மேல் பின்னால் போகிறது.

சாமி படத்தைச் சரக்கோடு ஒட்டி விற்கும் யோசனை முதலில் நம்மூர்க் கடைக்காரருடையது அல்ல. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் மான்செஸ்டரிலிருந்து வந்த துணி பேல்களில் கிருஷ்ணன், லட்சுமி, யானை, மயில் என்று வண்ண லேபிள் ஒட்டி அனுப்பினார்கள். எழுத்து தெரியாதவர்களும் படத்தை வைத்து மார்க்கை அடையாளம் சொல்ல முடியும். துணி தீர்ந்தாலும் லேபிள் வீட்டில் தங்கிவிடும். 1894இல் ராஜா ரவி வர்மா பம்பாயில் அச்சகம் தொடங்கியபோது ஓலியோகிராப் முறையில் லட்சுமியும் சரஸ்வதியும் ஆயிரக்கணக்கில் அச்சாகி, அரண்மனைச் சுவரிலிருந்து சாதாரண வீட்டுச் சுவருக்கு இறங்கினார்கள். அச்சகத்தில் நஷ்டம்தான் மிச்சம். சில வருடங்களிலேயே அது ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியர் கைக்குப் போனது. பிறகு சோப்பு, மருந்துக் கம்பெனிகள் இதேபோன்ற படங்களைக் காலண்டரில் போட ஆரம்பித்தன. ஆனால் இதெல்லாம் பெரிய கம்பெனிகளின் விளையாட்டு. தெருக்கோடி மளிகைக் கடையால் ஓவியருக்குப் பணம் கொடுத்து, கல் அச்சில் பல வண்ணம் ஓட்டி, 200 பிரதி எடுக்க முடியுமா?

அதை முடியும் என்று ஆக்கிய ஊர் சிவகாசி.

இங்கே காலண்டரை விட்டுக் கொஞ்சம் விலகிப் போக வேண்டும். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் பாதிக் கதைதான்.

19ஆம் நூற்றாண்டில் சிவகாசி நாடார் வணிகர்கள் நிறைந்த ஊர். கையில் பணம் இருந்தது, கடை இருந்தது, கோயிலுக்குள் போகும் உரிமை இல்லை. 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்ததற்காக ராமநாதபுரம் சேதுபதி வழக்குப் போட்டார். அந்த வழக்கு மதுரை, சென்னை என்று ஏறி லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908இல் நாடார்களுக்கு எதிராக முடிந்தது. இதற்கு நடுவே சிவகாசியிலும் சிவன் கோயிலுக்குள் போகும் உரிமையைக் கேட்டார்கள். தர்மகர்த்தாக்கள் கோயிலையே மூடிவிட்டார்கள். பகை முற்றி, 1899 ஜூன் 6 அன்று பல ஆயிரம் பேர் திரண்டு வந்து ஊரைத் தாக்கினார்கள். வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின. சிவகாசிக் கலவரம் என்று சரித்திரப் புத்தகங்களில் வருவது இதுதான். சட்டப்படி கோயில் கதவு திறக்க 1939 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த வருடம் ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் அழைத்துச் சென்ற சிறு குழுவில் தலித்துகளோடு விருதுநகரைச் சேர்ந்த நாடார் ஒருவரும் இருந்தார்.

இப்போது தீப்பெட்டிக்கு வருவோம். 1922இல் வெளிநாட்டுத் தீப்பெட்டிக்கு அரசாங்கம் இறக்குமதி வரியை உயர்த்தியது. அதே வருடம் அய்ய நாடார், சண்முக நாடார் என்று சிவகாசி இளைஞர்கள் இருவர் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். மழை குறைந்த வறண்ட ஊர், வேலை தேடும் கைகள், தொழில் பிடித்துக்கொண்டது. தீப்பெட்டி என்றால் லேபிள் வேண்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒன்று, லட்சக்கணக்கில் வேண்டும். வெளியூரில் அச்சடித்து வாங்குவதைவிட ஊரிலேயே அச்சு இயந்திரம் போட்டால் என்ன என்று தோன்றியது. போட்டார்கள். பட்டாசுக்கும் லேபிள் தேவைப்பட்டது.

வணிகவியல் மாணவர்கள் இங்கே ஒரு நிமிடம் நிற்கலாம். அச்சு இயந்திரம் என்பது நிலையான செலவு. ஓடினாலும் ஓடாவிட்டாலும் வட்டி ஓடும். லேபிள் வேலை இல்லாத நேரத்தில் அந்த இயந்திரத்துக்கு எதையாவது தீனி போட வேண்டும். காலண்டர் அருமையான தீனி.

படம் யார் வரைவது? அதற்குப் பக்கத்து ஊரான கோவில்பட்டியில் ஒருவர் கிடைத்தார். சி. கொண்டையராஜு (1898–1976). சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். கொஞ்ச காலம் திருவண்ணாமலையில் ரமணர் ஆசிரமத்தில் இருந்தார். பிறகு நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்துகொண்டு ஊர் ஊராகப் போனார். 1940களில் கோவில்பட்டியில் தங்கிவிட்டார். டி.எஸ். சுப்பையா, எம். ராமலிங்கம் போன்ற சீடர்கள் சேர்ந்தார்கள். அவர்கள் நடத்திய ஸ்டூடியோவிலிருந்து முருகன், மீனாட்சி கல்யாணம், லட்சுமி, ராமர் பட்டாபிஷேகம் எல்லாம் சிவகாசிக்குப் போய் லட்சக்கணக்கில் அச்சாகித் திரும்பின. நாடகத் திரையில் பழகிய கை என்பதால் பின்னணியில் தூண், திரைச்சீலை, தூரத்து மலை, அருவி என்று எல்லாம் இருக்கும். நேராக நம்மையே பார்க்கும் கண்கள். இன்று "முருகன்" என்று சொன்னவுடன் நம் மனதில் வரும் முகம் இந்தக் காலண்டர்கள் வரைந்து வைத்த முகம்தான். பெரிய ஓவியக் கண்காட்சிக்காரர்கள் இதைக் "காலண்டர் ஆர்ட்" என்று மூக்கைச் சுளித்து ஒதுக்கினார்கள். அது அவர்கள் நஷ்டம்.

சிவகாசிக்காரர்களின் உண்மையான கெட்டிக்காரத்தனம் அடுத்த படியில் இருக்கிறது. ஒரு படத்தைப் பல ஆயிரம் பிரதிகள் அச்சடிப்பார்கள், கீழே மட்டும் கொஞ்சம் இடம் காலியாக இருக்கும். மளிகைக் கடை, நகைக் கடை, மருந்துக் கடை என்று ஆர்டர் வர வர அந்தக் காலி இடத்தில் கடைப் பெயரை ஒற்றை வண்ணத்தில் தனியாக ஓட்டிக் கொடுத்துவிடுவார்கள். பல வண்ண அச்சின் செலவு நூற்றுக்கணக்கான கடைகளுக்குள் பங்காகிவிடுகிறது. தன் பெயரை அச்சடிக்கும் செலவு மட்டும்தான் கடைக்காரர் தலையில். ஒருவரை ஒருவர் பார்த்தேயிராத கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு ஓவியருக்குச் சம்பளம் கொடுத்த மாதிரி. 100 காலண்டர் வாங்கும் சைக்கிள் கடைக்கும் பெரிய ஜவுளிக் கடைக்கும் ஒரே லட்சுமி.

ஏன் சாமி படம்? பக்தி ஒரு காரணம், மறுக்க முடியாது. வியாபாரக் காரணமும் இருக்கிறது. வெறும் கடை விளம்பரத்தைக் கிழித்துப் போடலாம். சாமியைக் கிழித்துப் போட யாருக்கும் மனசு வராது. வருடம் முடிந்த பிறகும் பூஜை அறையில் இருக்கும். கண்ணாடிச் சட்டம் போட்டவர்களும் உண்டு (சட்டம் போடும்போது கீழே இருக்கும் கடைப் பெயரை வெட்டிவிடுவார்கள், பாவம் அண்ணாச்சி). எல்லா மதத்து வாடிக்கையாளரும் வரும் கடைக்காரர் குழந்தை படம், அருவி, ரோஜாப்பூ என்று போவார். மெக்கா படமும் வேளாங்கண்ணி மாதா படமும் அதே அச்சகத்தில் அடுத்த அடுக்கில் இருக்கும். எம்.ஜி.ஆர். படம் தனி மார்க்கெட்.

கோயில் வாசலில் நிறுத்தப்பட்ட ஒரு ஊர், இரண்டு தலைமுறைக்குள் தமிழ்நாட்டு வீடுகளுக்கெல்லாம் சாமியை அனுப்பிவைக்கும் ஊராகிவிட்டது. வாங்கி மாட்டியவர்களில் 1899இல் எதிர்ப்பக்கம் நின்றவர்களின் பேரப்பிள்ளைகளும் இருந்திருப்பார்கள். அச்சடித்தவர்கள் இதைப் பழிவாங்கலாக நினைத்தார்கள் என்று சொல்லத் தோன்றும், ஆனால் அப்படிச் சொல்ல ஆதாரம் ஏதும் வேண்டாமா? அவர்கள் பார்த்தது ஆர்டர் புத்தகத்தைத்தான்.

தினசரி காலண்டர் இன்னும் ஒரு படி மேலே போனது. மாதக் காலண்டரை மாதத்துக்கு ஒருமுறைதான் தொட வேண்டும். தினசரி காலண்டரைத் தினமும் காலையில் கிழிக்க வேண்டும். ராகு காலம், எமகண்டம், நல்ல நேரம், சந்திராஷ்டமம், திதி, ராசிபலன், கூடவே ஒரு பொன்மொழி. பஞ்சாங்கம் படிக்கத் தெரிந்தவரிடம் போய்க் கேட்க வேண்டிய விஷயம் எல்லாம் உள்ளங்கை அகலத் தாளில் வந்துவிட்டது. பெண் பார்க்கப் போகிறவர், வண்டி எடுக்கப் போகிறவர், கடன் கேட்கப் போகிறவர் எல்லாரும் அந்தத் தாளுக்கு மேலே உள்ள கடைப் பெயரைத் தாண்டித்தான் நல்ல நேரத்துக்கு வர வேண்டும். கிழித்த தாளின் பின்பக்கம் பால் கணக்கு எழுத உதவும். பழைய மாதக் காலண்டரின் வழவழப்பான தாள் ஜூன் மாதம் பள்ளிக்கூட நோட்டுக்கு அட்டையாகிவிடும்.

இதில் ஒரு பிரச்சனையும் உண்டு. காலண்டர் கொடுப்பவர் பத்துப் பேர், வீட்டில் ஆணி இரண்டுதான். அந்த ஆணியைப் பிடிக்கத்தான் போட்டி. எழுத்து பெரிதாக இருக்கும் காலண்டர், தாத்தாவுக்குக் கண்ணாடி போடாமல் தேதி தெரியும் காலண்டர் ஜெயிக்கும். தோற்றவை பீரோவுக்குப் பின்னால் போகும், அல்லது காலண்டர் கிடைக்காத பக்கத்து வீட்டுக்குப் போகும். ஆகவே 200 அச்சடித்தால் 200 சுவரில் தொங்கும் என்று மேலே போட்ட கணக்கு சரியில்லை. பாதி தொங்கினாலே நல்லது. அப்போது 11 காசு 22 காசாகும். அப்படியும் மலிவுதான்.

2016 நவம்பர் 8 அன்று பழைய 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்தது சரியாகக் காலண்டர் சீசன் நடுவில். 2020இல் கொரோனா. கையில் பணம் இல்லாதபோது கடைக்காரர் முதலில் தள்ளிப்போடும் செலவுகளில் காலண்டரும் ஒன்று. செல்போனிலேயே தேதியும் ராகு காலமும் வந்துவிட்ட பிறகு காலண்டர் செத்துவிடும் என்று சொன்னவர்கள் பலர். செல்போனில் ராகு காலம் பார்க்கலாம், ஆனால் அங்கே தெருக்கோடி அண்ணாச்சி கடையின் பெயர் இருக்காது. கடைக்காரருக்கு அதுதானே முக்கியம்! இப்போது சில காலண்டர்களின் மூலையில் க்யூஆர் கோடும் வந்துவிட்டது.

சிவகாசியில் ஒவ்வொரு வருடமும் ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருடத்துக்கான காலண்டர் ஆல்பத்தைப் பூஜை போட்டு வெளியிடுவார்கள். அதைத் தூக்கிக்கொண்டு ஏஜென்ட்டுகள் ஊர் ஊராகக் கிளம்புவார்கள். கனமான ஆல்பம். கடையில் கூட்டம் இல்லாத மத்தியான நேரம் பார்த்து உள்ளே நுழைந்து, மேஜையில் விரித்து, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுவார்கள். அண்ணாச்சி பிள்ளையாரைப் பார்ப்பார், வெங்கடாசலபதியைப் பார்ப்பார், அருவியைப் பார்ப்பார், விலையைப் பத்து ரூபாய் குறைக்கச் சொல்வார். கடைசியில் "போன வருஷம் போட்ட அதே முருகனையே போட்டுருங்க, போன் நம்பர் மட்டும் மாத்தணும்" என்பார்.