தாலினுக்கு ஏன் சுற்றுவழி? ஒரு திருத்தம்

போன வருஷம் இங்கே வால்டெமார் மன்னரின் கடல்வழிப் பட்டியல் பற்றி ஒரு குறிப்பு எழுதியிருந்தேன். அதில் நான் சொன்ன முடிவு தப்பு. இந்தக் கோடையில் ஸ்டாக்ஹோம் தீவுக்கூட்டத்தில் ஆறு நாள் பாய்மரப் படகில் போய்வந்த பிறகுதான் அது உறைத்தது.

படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக. டென்மார்க் மன்னர் இரண்டாம் வால்டெமார் 1219-ல் இன்றைய எஸ்டோனியத் தலைநகரான தாலினைப் பிடித்தார். 1346-ல் விற்கும்வரை வட எஸ்டோனியா பெரும்பாலும் டேனிஷ்காரர்களிடம்தான் இருந்தது. அந்த மன்னரின் நிலவரிப் பதிவேட்டோடு சேர்ந்து கிடைத்தது, 13-ம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு லத்தீன் பட்டியல். தெற்கு ஸ்வீடனின் உட்லேங்கன் தீவில் தொடங்கி தாலின்வரை ஏறக்குறைய 100 இடப்பெயர்கள், நடுநடுவே தூரம். நம்ம ஊர் பஸ் ரூட் அட்டை மாதிரி.

என் குழப்பம் இதுதான். பட்டியல் ஸ்வீடன் கரையை ஒட்டியே வடக்கே அர்ஹோல்மா தீவுவரை ஏறுகிறது. அங்கிருந்து ஓலாந்து தீவுகள், பின்லாந்தின் தென்கரை, ஹாங்கோ, போர்க்காலா என்று சுற்றி, கடைசியில் தெற்கே திரும்பி தாலின். ஸ்டாக்ஹோமிலிருந்து தாலின் நேர்க்கோட்டில் சுமார் 380 கி.மீ. எதற்கு இந்தச் சுற்று? "எழுதியவருக்குக் கடல் தெரியவில்லை, கேள்விப்பட்ட பெயர்களைக் கோத்துவிட்டார்" என்று தைரியமாக எழுதிவிட்டேன்.

சரி, பயணத்துக்கு வருவோம். என்னோடு வேலை பார்க்கும் ஒரு ஸ்வீடன்காரரிடம் 30 அடிப் படகு இருக்கிறது. டாலரோவிலிருந்து அர்ஹோல்மாவரை, அதாவது பட்டியலின் ஒரு துண்டு, போகலாம் என்றார். எனக்கு நீச்சல் தெரியாது. ஆனாலும் சம்மதித்தேன்.

அங்கே சுமார் 30,000 தீவுகளும் பாறைகளும் இருக்கின்றன. உள்ளே இருக்கும்வரை கடல் என்றே தோன்றாது. ஏரி மாதிரி இருக்கும். மாலையில் பின்பக்கம் நங்கூரம் போட்டு, முன்பக்கக் கயிற்றைப் பாறையிலோ மரத்திலோ கட்டினால் முடிந்தது. ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம்.

நாலாம் நாள் நான்தான் கேட்டேன், வெளிப்பக்கமாகப் போனால் தூரம் குறையுமே என்று. அவர் ஒன்றும் சொல்லாமல் படகைத் திருப்பினார். கடைசிப் பாறை தாண்டியதும் வடகிழக்குக் காற்று நேர் எதிரே. ஒரு மணி நேரத்தில் காலைச் சாப்பாடு மொத்தமும் கடலுக்குப் போய்விட்டது. லைஃப் ஜாக்கெட்டை இழுத்து இழுத்துச் சரிபார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "போகலாம்தான், ஆனா ராத்திரி ஒதுங்க இடம் இருக்காது, என்ன செய்யலாம்?" என்று கேட்டார். திரும்பச் சொன்னேன். அரை மணியில் ஒரு தீவின் மறைவுக்கு வந்துவிட்டோம். தண்ணீர் சலனமில்லாமல் கிடந்தது.

அன்று ராத்திரி பட்டியலை மறுபடி எடுத்தேன். தூரத்துக்கு அதில் வரும் அளவு உகேசியோ. அதைச் சுமார் 8 கி.மீ. என்று மாற்றிப் போட்டுவிட்டு நான் கடந்து போயிருந்தேன். அந்தச் சொல்லின் வேர் 'முறை', 'மாற்று' என்ற பொருளில் இருந்து வருகிறது என்று மொழியியலாளர்கள் விளக்குகிறார்கள். ஒரு குழு துடுப்பு வலித்து அடுத்த குழு கைமாற்றும்வரை போகும் தூரம். பதில் என் கண்முன்னேதான் இருந்திருக்கிறது. இது துடுப்புப் படகுக்கான பட்டியல்!

அப்படிப் பார்த்தால் எல்லாம் பொருந்துகிறது. நேர்வழியில் 150 கி.மீ.க்கு மேல் திறந்த கடல், ஒதுங்க ஒரு பாறைகூட இல்லை. சுற்றுவழியில் பெரிய தாண்டல் இரண்டே இரண்டு. அர்ஹோல்மாவிலிருந்து ஓலாந்துக்குச் சுமார் 50 கி.மீ., போர்க்காலாவிலிருந்து தாலினுக்கு முன்னால் இருக்கும் நைஸ்ஸார் தீவுக்கு 40 கி.மீ.க்குள். நல்ல நாள் பார்த்துக் காத்திருந்தால், நீண்ட கோடைப் பகலுக்குள் முடித்துவிடலாம். மற்ற இரவெல்லாம் தீவு மறைவில் தூக்கம். பெரிய பாய்மரக் கப்பல் வைத்திருந்த ஜெர்மன் வணிகர்கள் அதே காலத்தில் காட்லாந்து தீவு வழியாகத் திறந்த கடலில் போய்வந்தார்கள். அது வேறு கப்பல், வேறு வழி.

இன்னொரு திருத்தமும் உண்டு. சில உள்வழிகள் இன்றைய வரைபடத்தில் ஒத்துவரவில்லை என்றும் குறை சொல்லியிருந்தேன். பனியுகத்தில் பனிப்பாளம் அமுக்கிய நிலம் இன்னும் மேலே எழுந்துகொண்டிருக்கிறது. ஸ்டாக்ஹோம் பகுதியில் ஆண்டுக்கு 4-5 மி.மீ. கணக்குப் போட்டால் 750 ஆண்டில் 3 மீட்டருக்கு மேல். சின்னப் படகு போன வாய்க்கால் இன்று புல்தரையாக இருக்கலாம். மாறியது தரை. பட்டியலைக் குறை சொல்லி என்ன பயன்?

தொழில் புத்தியில் நான் இதைக் குறுகிய பாதை கண்டுபிடிக்கும் கணக்காகப் பார்த்தேன். எடையாகத் தூரத்தை மட்டும் கொடுத்தேன். கை வலி, எதிர்க்காற்று, இருட்டு, பயம் எதையும் சேர்க்கவில்லை. பட்டியலை எழுதியவர் அதையெல்லாம் சேர்த்திருக்கிறார்.

ஆறாம் நாள் அர்ஹோல்மா வந்து சேர்ந்தோம். மேட்டில் 1768-ல் கட்டிய கல் கோபுரம் இருக்கிறது. அங்கே நின்று கிழக்கே பார்த்தேன். வெறும் தண்ணீர்தான். பட்டியல் இந்த இடத்தில்தான் கரையை விட்டுக் கிளம்புகிறது. உள்ளே இவ்வளவு தூரம் பொறுமையாக வந்தவர்கள் இங்கே எத்தனை நாள் காற்றுக்காகக் காத்திருந்தார்களோ.

பழைய குறிப்பை அழிக்கவில்லை. மேலே 'முடிவு தவறு' என்று ஒரு வரி சேர்த்து, இந்தப் பதிவைக் காட்டியிருக்கிறேன்.