மடக்குக் கத்தியை எங்கே செய்வது?

சுவிட்சர்லாந்து ராணுவத்தின் முதல் மடக்குக் கத்திகள் சுவிட்சர்லாந்தில் செய்யப்படவில்லை. 15,000 கத்திகளுக்கான முதல் ஆர்டர் ஜெர்மனியில் சோலிங்கன் நகரத்து வெஸ்டர் கம்பெனிக்குப் போனது. 1891 அக்டோபரில் சரக்கு வந்து இறங்கியது. இன்று ஊர் உலகமெல்லாம் ‘சுவிஸ் கத்தி’ என்று கேட்டு வாங்கும் பொருளின் கதை இப்படித்தான் தொடங்குகிறது.

நான் கோவையில் ஒரு பம்ப் கம்பெனியின் பர்ச்சேஸ் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். டிராயிங்கை விரித்து வைத்துக்கொண்டு, ‘இதை நாமே செய்வதா, வெளியில் கொடுப்பதா, கொடுத்தால் யாரிடம் கொடுப்பது?’ என்று மண்டையை உடைத்துக்கொண்டதுதான் என் பிழைப்பு. கத்திக் கதையைப் படிக்கும்போதும் என் கண் முதலில் போனது அந்த ஆர்டரில் கையெழுத்துப் போட்டவரிடம். அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தாலும் சோலிங்கனுக்குத்தான் போட்டிருப்பேன்.

ராணுவத்துக்கு அந்தக் கத்தி ஏன் தேவைப்பட்டது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1889-இல் அவர்கள் ஷ்மிட்-ரூபின் என்ற புதிய துப்பாக்கிக்கு மாறினார்கள். அதைக் கழற்றிச் சுத்தம் செய்ய ஸ்குரூ டிரைவர் வேண்டும். சிப்பாய்க்குத் தகர டப்பாவில் சாப்பாடு வர ஆரம்பித்திருந்தது. அதைத் திறக்கவும் ஒன்று வேண்டும். ஓர் அலகு, துளையிட ஓர் ஊசி, டப்பா திறப்பான், ஸ்குரூ டிரைவர், இருபுறமும் கருநிற ஓக் மரக் கைப்பிடி. 1890 மாடல் கத்தி இவ்வளவுதான். தேவை, டிராயிங், எண்ணிக்கை எல்லாம் தயார். அந்த எண்ணிக்கையைச் சொன்ன தேதிக்குள் செய்து தரக்கூடிய பட்டறை மட்டும் உள்நாட்டில் இல்லை.

சோலிங்கனில் இருந்தது. வுப்பர் ஆற்றங்கரையில் உள்ள அந்த ஊரில் இடைக்காலத்திலிருந்தே வாள் அடிப்பது வழிவழித் தொழில். பிற்பாடு கத்தி, கத்தரி, சவரக்கத்தி என்று அது விரிந்தது. எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ் நடந்ததாக நினைத்துவிடக் கூடாது. இரும்பைக் காய்ச்சி அடிப்பவர் ஒருவர், பதம் போடுபவர் இன்னொருவர். ஆற்றோரத்தில் தண்ணீர்ச் சக்கரம் சுழற்றும் சாணைக் கூடங்களில் தீட்டுபவர்கள் தனி. கைப்பிடி பொருத்தி முடிப்பவர் தன் வீட்டிலேயே உட்கார்ந்து செய்வார். ஒரு வீட்டு வேலை முடிந்த சரக்கை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோகப் பெண்கள் இருந்தார்கள்; கூடையில் அடுக்கித் தலையில் சுமந்து மேடு பள்ளமெல்லாம் நடப்பார்கள். கோவையின் கணபதி, ஆவாரம்பாளையம் சந்துகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. லேத்தில் கடைந்த ஷாஃப்ட் டிவிஎஸ் ஃபிஃப்டியில் ஏறி அடுத்த தெருவுக்கு கிரைண்டிங் போகும், அங்கிருந்து ஹீட் ட்ரீட்மென்ட் போகும், சாயங்காலம் கம்பெனி வாசலில் வந்து இறங்கும். அப்படி ஓர் ஊர் அமைந்துவிட்டால் விலையில் அதோடு யாராலும் மோத முடியாது. எந்தப் பட்டறையும் தனக்குத் தேவையில்லாத மெஷினை வாங்கிப் போட்டு வட்டி கட்டுவதில்லை.

சோலிங்கன்காரர்களுக்கு இது நன்றாகவே தெரியும். ஊரைவிட்டுப் போவதில்லை என்று தொழிற்குழுவில் மாஸ்டர்களைச் சத்தியம் செய்ய வைத்தார்கள். சத்தியத்தை மீறிச் சிலர் போகவும் செய்தார்கள். பிரெஞ்சு அரசு 1730-இல் அல்சாஸ் பகுதியின் கிளிங்கன்தாலில் ஆயுதப் பட்டறை நிறுவியபோது சோலிங்கன் ஆட்களைக் கூட்டி வந்துதான் தொடங்க முடிந்தது. அந்தக் காலத்தில் ஒரு தொழிலை இடம் மாற்றுவது என்றால் ஆளை இடம் மாற்றுவதுதான்.

கொட்டேஷனில் வராத செலவு ஒன்றும் உண்டு. சாணைக் கல்லின் தூசு நெஞ்சில் இறங்கி, தீட்டுபவர்கள் வயதாகும் முன்பே போய்ச் சேர்ந்தார்கள். சோலிங்கனிலும் இதே கதை, இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலும் இதே கதை. பிரான்சின் தியேர் நகரில் துரோல் ஆற்றங்கரைத் தொழிலாளர்கள் சாணைச் சக்கரத்துக்கு மேல் பலகையில் குப்புறப் படுத்தபடி நாள் முழுக்கத் தீட்டினார்கள். குளிருக்குக் கால்மேல் நாயைப் படுக்க வைத்துக்கொள்வார்கள். மலிவான கத்தியின் விலையில் இதுவும் அடக்கம்.

இப்படிப்பட்ட ஊரோடு மோதக் கிளம்பியவர் கார்ல் எல்செனர். தொப்பி செய்பவரின் மகன். கத்தித் தொழில் கற்று, பாரிஸிலும் ஜெர்மனியின் டுட்லிங்கனிலும் வேலை பார்த்தார். டுட்லிங்கன் அறுவை சிகிச்சைக் கருவிகளுக்குப் பேர்போன ஊர். 1884-இல் ஷ்வீட்ஸ் மாநிலத்தின் இபாக் கிராமத்தில், டோபெல்பாக் ஓடைத் தண்ணீரில் சக்கரம் ஓட்டிப் பட்டறை போட்டார்.

பர்ச்சேஸ்காரன் கண்ணில் இபாக் தேறாது. உருக்கு வெளியிலிருந்து வர வேண்டும். பக்கத்துத் தெருவில் சாணைக்காரர் கிடையாது, பதம் போடுபவரும் கிடையாது. இருந்ததெல்லாம் ஓடைத் தண்ணீரும் வேலையில்லாத ஆட்களும். மலைக்காட்டு விவசாயத்தில் வயிறு நிறையாமல் குடும்பங்கள் கடல் கடந்து பிழைக்கப் போய்க்கொண்டிருந்த காலம் அது. அவர்களுக்கு ஊரிலேயே வேலை கொடுக்க வேண்டும் என்பதுதான் எல்செனரின் எண்ணம். இடத்தை அவர் முதலிலேயே முடிவு செய்துவிட்டார். பொருளும் விலையும் அதற்குப் பிறகு.

நம் சிப்பாய்க்கு நாமே கத்தி செய்வோம் என்று 1891-இல் சுமார் 25 கத்திக் கொல்லர்களைச் சேர்த்து ஒரு சங்கம் அமைத்தார். அதே ஆண்டில் ராணுவத்துக்கு முதல் சப்ளையும் போனது. ஆனால் விலை இடித்தது. இருபத்தைந்து பட்டறை என்றால் இருபத்தைந்து கை. ஒருவர் போட்ட ஸ்பிரிங் இன்னொருவர் அலகுக்கு உட்காராது. ஒவ்வொன்றாக அரம் போட்டு உட்கார வைக்க வேண்டும். சோலிங்கனிலோ மொத்தமாக அடித்துத் தள்ளினார்கள். ஒரு வருடத்துக்குள் மற்றவர்கள் கழன்றுகொள்ள, எல்செனர் மட்டும் நின்றார். கைக்காசெல்லாம் கரைந்து கடனில் மூழ்கினார். உறவினர்கள் கைகொடுத்ததாலும் கடன் கொடுத்தவர்கள் பொறுத்துக்கொண்டதாலும்தான் பட்டறை மூடாமல் தப்பியது.

அவர் மீண்டது ராணுவ ஆர்டரால் என்று பலர் நினைக்கிறார்கள். என் கணக்கில், அவரை மீட்டது ஒரு ஸ்பிரிங். உடைந்துபோன சுவிஸ் கத்தி ஒன்றை, ரிவெட்டை டிரில் போட்டு எடுத்து, பாகம் பாகமாகப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். சாதாரண மடக்குக் கத்தியில் முதுகுப் பக்கம் ஒரு பட்டை ஸ்பிரிங் இருக்கும். அலகின் அடிப்பாகம் ஏறக்குறைய சதுரமாக, முனை மழுங்கி இருக்கும். அலகைத் திறக்கும்போது அந்த முனை ஸ்பிரிங்கை மேலே தூக்கும். முனை தாண்டியதும் ஸ்பிரிங் தட்டையான பக்கத்தில் விழுந்து அழுத்திக்கொள்ளும். ‘டக்’ என்று கேட்கும் சத்தம் அதுதான். இந்த அமைப்பில் ஸ்பிரிங்கின் முதுகு சும்மா கிடக்கிறது. எல்செனர் அந்த முதுகுக்கும் வேலை கொடுத்தார். கார்க் திருகியையும் துளை ஊசியையும் பின்பக்கத்தில் வைத்து, அதே ஸ்பிரிங்கின் மறுபக்கத்தில் அழுந்த விட்டார். ஆறு கருவிகளுக்கு இரண்டே ஸ்பிரிங் போதும் என்றானது. கத்தி மெலிந்தது, எடையும் குறைந்தது. 1897 ஜூன் 12 அன்று ‘ஆபீசர் கத்தி’ என்று அதைச் சட்டப்படி பதிவு செய்தார்.

வேடிக்கை என்னவென்றால், ராணுவம் அந்தக் கத்தியை அதிகாரபூர்வமாக வாங்கவே இல்லை. ஆபீசர்கள் கடைக்குப் போய்ச் சொந்தக் காசில் வாங்கினார்கள். எல்செனருக்கு அதுவே போதுமாக இருந்தது. சிப்பாய்க் கத்தியின் டிராயிங் ராணுவத்துடையது. அதை யார் வேண்டுமானாலும் செய்யலாம், எனவே மலிவாகச் செய்பவன் ஜெயிப்பான். ஆபீசர் கத்தியின் டிராயிங் அவருடையது. அங்கே விலையை ஒப்பிட இன்னொரு கொட்டேஷனே இல்லை.

அதற்குப் பிறகு நடந்தது வேகமாக நடந்தது. பிரெஞ்சு மொழி பேசும் ஜூரா பகுதியில், பிற்காலத்தில் வெங்கர் என்று பெயர் பெற்ற இன்னொரு கத்திக் கம்பெனி வளர்ந்தது. 1908-இல் அரசு ராணுவ ஆர்டரை இருவருக்கும் பாதிப் பாதியாகப் பிரித்தது. ஜெர்மன் பக்கம் பாதி, பிரெஞ்சு பக்கம் பாதி என்று அரசியல் சமாதானம் ஆனது. ஒரு பொருளுக்கு இரண்டு சப்ளையர் வேண்டும் என்ற பர்ச்சேஸ் பாலபாடமும் நிறைவேறியது. 1909-இல் எல்செனரின் தாய் விக்டோரியா இறந்தார். அவர் பெயரையே கம்பெனிக்கு வைத்தார் மகன். 1913-இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி துருப்பிடிக்காத உருக்கு காய்ச்சினார். 1921-இல் அந்த வகை உருக்கு இபாக்குக்கு வந்ததும், அதன் பிரெஞ்சுப் பெயரான ‘இனாக்ஸ்’ விக்டோரியாவோடு சேர்ந்து விக்டோரினாக்ஸ் ஆனது. 2005-இல் வெங்கரையும் அதே கம்பெனி வாங்கிவிட்டது.

இடத்தை மாற்றாமல் இருந்ததற்கு இரண்டு பரீட்சைகள் வந்தன. 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு விமானத்தில் கத்தி கொண்டுபோகத் தடை வந்தது, விமான நிலையக் கடைகளில் விற்பனை படுத்தது. யாரையும் வீட்டுக்கு அனுப்பாமல், சில தொழிலாளர்களைப் பக்கத்துக் கம்பெனிகளுக்குக் கொஞ்ச காலம் இரவல் கொடுத்துச் சமாளித்தார்கள். அடுத்து, ராணுவம் புதிய மாடல் கத்தி வாங்க முடிவு செய்தபோது, உலக வர்த்தக விதிகளின்படி டெண்டரை எல்லா நாட்டுக்கும் திறந்துவிட வேண்டி வந்தது. சுவிஸ் சிப்பாய் சீனக் கத்தியோடு நிற்கப் போகிறானா என்று நாட்டில் ஒரே கூச்சல். 2008-இல் 75,000 கத்திகளுக்கான அந்த ஆர்டர் இபாக்குக்கே கிடைத்தது.

எதிர்த்திசையில் போன ஊரும் உண்டு. பிரான்சின் லாகியோல் கிராமம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தன் பெயரிலேயே ஒரு மடக்குக் கத்தியை உருவாக்கியது. தேவை பெருகியதும் வேலை மெல்லத் தியேர் நகருக்குப் போயிற்று. கிராமத்தில் பெயர் மட்டும் மிஞ்சியது. 1980-களில் அங்கே மறுபடி பட்டறை திறந்தார்கள். ஆனால் 1993-இல் வெளியூர் வியாபாரி ஒருவர் அந்தப் பெயரையே டிரேட்மார்க் செய்துகொண்டார். ஊர்ப் பெயர் யார் யார் சரக்கிலோ ஏறியது. 2012-இல் கிராமத்தார் எதிர்ப்பைக் காட்டத் தங்கள் ஊர்ப் பெயர்ப் பலகையையே கழற்றினார்கள். சோலிங்கன் இந்த விஷயத்தில் முன்னெச்சரிக்கைக்காரன். முக்கிய வேலைகள் அந்த வட்டாரத்தில் நடந்தால்தான் சரக்கில் ‘சோலிங்கன்’ என்று பொறிக்கலாம் என்று 1938-லேயே சட்டம் வந்துவிட்டது. சுவிட்சர்லாந்தும் 2017 முதல், தொழிற்சாலைப் பொருளின் உற்பத்திச் செலவில் 60 சதவீதமாவது உள்நாட்டில் ஆகியிருந்தால்தான் ‘சுவிஸ்’ என்று போடலாம் என்கிறது.

புதிதாகக் கத்தி போட நினைக்கிற தம்பிகள் யாராவது என்னிடம் வந்து எங்கே செய்யலாம் என்று கேட்டால், ஊர்களின் விலையை ஒப்பிட்டு அட்டவணை போட்டுக் கொடுக்க மாட்டேன். டிராயிங்கைக் காட்டச் சொல்வேன். யாரும் செய்யக்கூடிய கத்தி என்றால், சாணைக்காரரும் பதம் போடுபவரும் கூடியிருக்கிற ஊருக்கே போகட்டும். பிறகு விலை அடிமட்டத்துக்குப் போகிறதே என்று புலம்பக் கூடாது. சொந்த ஊரில்தான் செய்வேன் என்று பிடிவாதம் இருந்தால் அதுவும் நல்லதே, ஆனால் டிராயிங் மாற வேண்டும். ஊரையும் மாற்றாமல் டிராயிங்கையும் மாற்றாமல் விலையில் ஜெயிக்கக் கிளம்பிய இருபத்தைந்து பேரில் கடைசியில் மிஞ்சியவர் ஒருவர். அவரும் டிராயிங்கை மாற்றிய பிறகுதான் கடனிலிருந்து தலைதூக்கினார்.