லோகோமாட்

லோகோமாட் என்பது பக்கவாதம், தண்டுவடக் காயம் முதலியவற்றால் நடை இழந்தவர்களுக்குப் பயிற்சி அளிக்கும் ரோபோக் கருவி. சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரிலுள்ள பல்கிரிஸ்ட் பல்கலைக்கழக மருத்துவமனையில், பொறியாளர் கெரி கொலம்போவும் நரம்பியலாளர் வோல்கர் டீட்ஸும் அடங்கிய குழு 1990களில் இதை உருவாக்கியது. 1996இல் தொடங்கப்பட்ட ஹோகோமா நிறுவனம் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

பின்னணி

முன்பு நோயாளியைப் பட்டைகளால் தொங்கவிட்டு டிரெட்மில்லில் நடக்க வைப்பார்கள். இயன்முறை மருத்துவர்கள் இருபுறமும் தாழ உட்கார்ந்து, ஒவ்வோர் அடிக்கும் காலைக் கையால் தூக்கி வைப்பார்கள். சிறிது நேரத்திலேயே இடுப்பும் தோளும் வலிக்கும்; நோயாளி களைக்கும் முன் மருத்துவர் களைத்துவிடுவார். இந்தச் சுமையைக் குறைப்பதே கருவியின் முதல் நோக்கம்.

அமைப்பு

உடல் எடையின் ஒரு பகுதியைப் பட்டைகள் தாங்கும். காலின் வெளிப்புறம் பொருத்திய சட்டகத்தில், இடுப்பிலும் முழங்காலிலும் மோட்டார்கள் உள்ளன. பாதம் தரையில் உரசாதபடி வார்கள் தூக்கிப் பிடிக்கும். கருவி தரும் உந்துவிசையைக் கூட்டவோ குறைக்கவோ முடியும்.

இயன்முறை மருத்துவர்களின் பார்வை

ஒரே அமர்வில் நூற்றுக்கணக்கான அடிகள் எடுக்க வைக்கலாம் என்பதும், ஒருவரே பயிற்சியை நடத்தலாம் என்பதும் இவர்கள் பாராட்டும் அம்சங்கள். தொடை நீளம் அளந்து, பட்டைகளைச் சரிசெய்து, தோல் உரசாமல் பொருத்துவதற்கே அமர்வில் கணிசமான நேரம் போகிறது என்பது இவர்களின் குறை. முழு உந்துவிசையில் நோயாளி தானாக முயலாமல் கருவியின் போக்கில் காலை விட்டுவிடலாம் என்ற கவலையும் உண்டு. ஆகவே முன்னேற்றம் தெரியத் தெரிய உந்துவிசையைக் குறைக்கிறார்கள். எப்போது, எவ்வளவு குறைப்பது என்பது அவர்களுடைய கண்ணும் அனுபவமும் சார்ந்த முடிவு.

சான்றுகள்

பக்கவாதம் வந்து ஆறு மாதத்துக்குட்பட்ட, ஓரளவு நடக்கக்கூடிய 63 பேரிடம் அமெரிக்காவில் நடந்து 2009இல் வெளியான ஆய்வில், லோகோமாட்டைவிட வழக்கமான பயிற்சியே நடைவேகத்தைக் கூடுதலாக உயர்த்தியது. லோகோமாட் உள்ளிட்ட பல கருவிகளைப் பற்றிய 62 ஆய்வுகளையும் 2,440 பேரையும் உள்ளடக்கிய 2020ஆம் ஆண்டு காக்ரேன் மதிப்பாய்வோ, கருவியையும் இயன்முறைப் பயிற்சியையும் சேர்த்துப் பெற்றவர்கள் பிறர் துணையின்றி நடக்கும் வாய்ப்பு அதிகம் என்று கண்டது. பக்கவாதம் வந்த முதல் மூன்று மாதங்களில் இருப்பவர்களும் நடக்கவே முடியாதவர்களுமே அதிகப் பயன் பெறுகிறார்கள். நடக்கத் தொடங்கிவிட்டவருக்கு இதன் தேவை குறைவு; இயன்முறைப் பயிற்சிக்கு இது துணையே தவிர மாற்று அல்ல.