பஸாரும் நாற்பதாம் நாளும்

ஈரானியப் புரட்சி பற்றிப் பேச்சு வந்தால் நம்மவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து விடுவார்கள். முழுக்க மார்க்கம்தான் என்பார்கள் ஒரு சாரார். முழுக்க வயிற்றுப்பாடு என்பார்கள் நமது இடதுசாரி நண்பர்கள். வரலாற்றாசிரியர்களைத் தேடிப் படித்தபோது இரு தரப்புக்கும் வசதியான பதில் எனக்குக் கிடைக்கவில்லை.

வர்க்க விளக்கத்தை வலுவாகச் சொன்னவர் எர்வாந்த் ஆப்ரஹாமியன். 1982இல் வெளிவந்த அவரது நூலில் பஸார் வியாபாரிகள் முக்கிய பாத்திரம். 1973-74இல் எண்ணெய் விலை நான்கு மடங்கானது. காசு கொட்டியது, கூடவே விலைவாசியும் ஏறியது. ஷா பழியைக் கடைக்காரர் தலையில் போட்டார். 1975இல் தொடங்கிய ரஸ்தாகீஸ் என்ற ஒற்றைக் கட்சி, மாணவர்களைப் பரிசோதகர்களாக்கிக் கடை கடையாக அனுப்பியது. அபராதம், சிறை, ஊர்கடத்தல். பள்ளிவாசலுக்கும் மத்ரஸாவுக்கும் பணம் கொடுத்து வந்தவர்களும் இதே வியாபாரிகள்தான். பஸாரில் விழுந்த அடி உலமாக்கள் மேலும் விழுந்தது. சும்மா சொல்லக்கூடாது, இந்த இடத்தில் வர்க்க விளக்கம் நன்றாகவே வேலை செய்கிறது.

ஆனால் விவசாயிகள்? சீனாவின் புரட்சியைத் தாங்கியவர்கள் அவர்கள். ஈரானில் கிராமங்கள் பெரும்பாலும் ஒதுங்கியே நின்றன. புரட்சிகளை யாரும் திட்டமிட்டு உண்டாக்குவதில்லை என்று 1979இல் எழுதிய தீடா ஸ்கொச்போல், மூன்றே வருடத்தில், ஈரான் விதிவிலக்கு என்று ஒப்புக்கொண்டார். அதை விளக்க ஷீஆ மரபையும் சேர்த்துக்கொண்டார்.

அடுத்தது நாட்காட்டி. 1978 ஜனவரி 9இல் கும் நகரில் சுடப்பட்டவர்களின் நாற்பதாம் நாள் பெப்ரவரி 18. அன்று தப்ரீஸ் கொந்தளித்தது. அங்கே இறந்தவர்களுக்கு நாற்பது, மார்ச் கடைசியில் யஸ்தில். நாற்பதாம் நாள் கத்தம் தெரிந்த நமக்கு இது சட்டென்று விளங்கும். கூலிக் கணக்கை வைத்து இதை விளக்க முடியாது. அதேநேரம், துக்கம் மட்டும் ஷாவின் கஜானாவை மூடவில்லை. அதை மூடியது அந்த வருடக் கடைசியில் நடந்த எண்ணெய்த் தொழிலாளர் வேலைநிறுத்தம்.

என் பார்வையில், யாருக்குக் குறை இருந்தது, யார் கையில் பலம் இருந்தது என்பதை வர்க்கம் சொல்கிறது. எந்த நாளில், எந்தக் கொடியின் கீழ் என்பதை அது சொல்வதில்லை. வெற்றிக்குப் பிந்திய கதைக்குத்தான் அது கூடுதலாகப் பயன்படும். ஆசெப் பயாத் எழுதியதைப் பாருங்கள்: தொழிற்சாலைகளில் தொழிலாளர்கள் தாமே அமைத்த ஷூறாக்களை, ஓரிரு வருடங்களுக்குள் புதிய அரசே முடக்கிவிட்டது.