தண்டுவடம்

பரவை மார்க்கெட்டில் விற்கும் வாழைத்தண்டிலும், மதுரை மாசி வீதிகளில் ஊரே பிடித்திழுக்கும் தேர்வடத்திலும் உள்ள இரு சொற்கள் சேர்ந்ததே தண்டுவடம். தண்டு இங்கே முதுகுத்தண்டு; அந்த எலும்புக் கோவைக்குள் ஓடும் நரம்புத் தொகுதிதான் வடம். வளர்ந்த மனிதரிடம் அதன் நீளம் சுமார் 45 சென்டிமீட்டர்.

வடம் என்று பெயர் வைத்தவரை மெச்ச வேண்டும். பல புரிகளை முறுக்கிச் சேர்த்ததே வடம். தண்டுவடத்திலும் தொடுவுணர்வுக்கு ஒரு புரி, வலிக்கு வேறொரு புரி. இவற்றைப் பிரித்தறிந்ததில் எலிகளுக்குப் பெரும்பங்கு உண்டு. 1970-களின் தொடக்கத்தில் வந்த ஒரு முறையில், எலியின் மூளைத்தண்டில் பெராக்சிடேஸ் என்ற நொதியைச் செலுத்துவார்கள். அங்கு வந்து முடியும் நரம்பிழையின் நுனி அதை உறிஞ்சி, கீழே தண்டுவடத்திலுள்ள தன் செல்லுக்கே கொண்டுசேர்க்கும். பிறகு அந்தத் திசுவை வேதிப்பொருளில் இட்டால் அந்தச் செல்கள் மட்டும் நிறமேறித் தெரியும். இழை புறப்பட்ட இடம் பிடிபட்டுவிடும்.

மூளைத்தண்டின் அடிப்பகுதி முகுளம். வடமொழியில் மொட்டு என்று பொருள். வலது காலின் தொடுவுணர்வு வலப்புறமாகவே ஏறி, முகுளத்தில்தான் அடுத்த செல்லிடம் கைமாறுகிறது. வலியோ தண்டுவடத்திலேயே கைமாறி இடப்புறம் தாண்டிவிடுகிறது.