இராமானுசன் கட்டுரையும் விளக்கத்தின் அளவும்

நன்னூல், உரையைக் காண்டிகை, விருத்தி என இருவகைப்படுத்துகிறது. முன்னது சுருங்கியது, பின்னது ஐயமற விரிப்பது. கணித ஆய்வுக் கட்டுரை எதனைப் போல் அமைதல் வேண்டும் என்னும் வினா, சீனிவாச இராமானுசனின் (1887-1920) முதற் கட்டுரையிலேயே எழுந்தது.

பெர்னூலி எண்களின் பண்புகள் பற்றிய அக்கட்டுரை, இந்தியக் கணிதக் கழக இதழில் 1911இல் வெளிவந்தது. இதழாசிரியர் எம். டி. நாராயண ஐயங்கார் அதனை மீண்டும் மீண்டும் திருப்பியனுப்பித் திருத்தம் கேட்டார். முறைகள் புதியன, ஆயினும் நடை மிகச் சுருங்கித் தெளிவின்றி இருந்தமையால் பொதுவான கணித வாசகர் பின்தொடர இயலாது என்பது அவர்தம் குறை. இளமையில் இராமானுசன் பயின்ற கார் என்பவரின் தொகுப்பு நூல், ஏறத்தாழ 5,000 முடிவுகளைப் பெரும்பாலும் நிறுவலின்றி அடுக்குவது. தாளின் விலைக்கு அஞ்சிப் பலகையில் கணக்கிட்டு, முடிவை மட்டும் ஏட்டில் குறித்த பழக்கமும் இதற்குத் துணையாயிற்று.

இதழாசிரியர் கேட்டது வெறும் நடைத் திருத்தம் அன்று. பெர்னூலி எண்ணை அதன் வரிசையெண்ணால் வகுத்துச் சுருக்கினால் தொகுதி பகா எண்ணாகும் என இராமானுசன் நிறுவலின்றி உரைத்தார். 1 வருமிடங்கள் நீங்கலாக, 12ஆம் எண்ணில் 691, 16இல் 3617, 18இல் 43867 எனப் பகா எண்களே வருகின்றன. 20இல் வரும் 174611 பகா எண் அன்று. அது 283, 617 ஆகியவற்றின் பெருக்கற்பலன். அத்தனை திருத்தங்களுக்குப் பின்னரும் இப்பிழை அச்சேறியது வியப்பே. நிறுவலை விரித்தெழுத முயன்றிருப்பின் அவரே இதனைக் கண்டிருக்கக் கூடும்.

எனினும், நிறுவல் முற்றுப்பெறும் வரை முடிவுகளை வெளியிடலாகாது எனக் கொள்வதும் பொருந்தாது. அவ்வாறு கொண்டிருப்பின் அவருடைய குறிப்பேடுகள் நமக்குக் கிடைத்திரா. மும்பையிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் 1957இல் அவற்றை உள்ளவாறே ஒளிப்படியாக, விளக்கமின்றி, இரு தொகுதிகளாக வெளியிட்டது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அம்முடிவுகளுக்கு நிறுவல் தேடும் பணி பிறருடையதாயிற்று. அமெரிக்கக் கணிதர் புரூசு பெர்ண்ட் 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகளில் ஒவ்வொன்றாக விளக்கினார். பெரும்பாலானவை சரியென்றே தெளிந்தன. மூலம் இரண்டு, விருத்தி ஐந்து.